பொறியியல் பீடத்துக்குப் புறப்படும் மலையகப் பிள்ளைக்கு

உயர்தரப் பெறுபேறு வந்து, இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டது என்று தெரிந்த அன்றைக்கே டிவிஷன் முழுக்க "இஞ்சினியர்" என்று பேர் விழுந்துவிடும். கோயிலில் மாலை போடுவார்கள், டவுனில் பெனர் கட்டுவார்கள். அடுத்த நான்கு வருஷத்தில் எந்த இடத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத்தான் லயத்தில் ஆள் இருக்காது. அந்த வேலையை இந்தக் கட்டுரை செய்யும்.

பீடத்தில் சறுக்குகிற பிள்ளைகளில் கணக்குத் தெரியாமல் சறுக்குகிறவர்கள் கொஞ்சப் பேர். மணிக்கணக்குத் தெரியாமல் சறுக்குகிறவர்களே அதிகம். ஆகவே கீழே மணித்தியாலங்களைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசப்போகிறோம்.

விண்ணப்பம் நிரப்பும்போது

பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் தேவை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களில் 40 சதவீதத்தை நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 சதவீதத்தை மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 சதவீதத்தைக் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பிரிக்கிறது. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை அந்த 16-இல் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. வீடு நுவரெலியாவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் நுவரெலியாக் கோட்டா கிடைத்துவிடாது, எங்கே படித்தீர்கள் என்பதும் பார்க்கப்படும். வெளி மாவட்டப் பாடசாலைக்கு மாறிப் படித்தவர்கள் ஆணைக்குழுவின் அந்த வருஷத்துக் கைந்நூலில் மாவட்டம் பற்றிய பகுதியை இரண்டு தடவை வாசித்துவிட்டு நிரப்புங்கள்.

அரச பக்கத்தில் பொறியியல் விஞ்ஞானமாணி தருகிற பீடங்கள் பேராதனை, மொரட்டுவை, காலி ஹப்புகலையில் உள்ள றுகுணு பீடம், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம், ஒலுவிலில் உள்ள தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர. எல்லாவற்றிலும் படிப்பு ஆங்கிலத்தில்தான். கிளிநொச்சிக்கோ ஒலுவிலுக்கோ போனால் தமிழில் படிக்கலாம் என்று நினைத்து விருப்ப வரிசையை மாற்றுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. விடுதியில் தமிழ் பேசலாம், விரிவுரை ஆங்கிலம்.

பேராதனை மலையகத்துக்குப் பக்கம் என்பது நல்லதுதான். ஹட்டனில் கண்டி பஸ் ஏறினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக நேரே இறங்கலாம். ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே ஒவ்வொரு வெள்ளியும் மூட்டை கட்டத் தோன்றும். போகவர ஆறு மணித்தியாலம், வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு திருவிழா, அத்தோடு அந்த வாரத்தின் சொந்தப் படிப்பு நேரத்தில் பாதி போய்விடும். முதல் வருஷத்தில் மாதம் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேரும் விலாசமும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தனிப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் செல்வராஜ், அடையாள அட்டையில் செல்வராஜா, பெறுபேற்றுத் தாளில் வேறொரு ஆங்கில எழுத்துக்கூட்டல். தமிழ்ப் பெயரைத் தமிழ் தெரியாத ஒருவர் எழுதிய காலத்தின் மிச்சம் அது. பதிவின்போது எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பெறுபேறு வந்தவுடனேயே மூன்றையும் எடுத்து ஒப்பிடுங்கள். பிழை பிறப்புச் சான்றிதழில் இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் கிளையில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள், அதற்கு மாதங்கள் எடுக்கும். அதுவரைக்கும் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசி ஒன்றைச் சமாதான நீதவானிடம் முடித்துக் கையில் வைத்திருங்கள். இதைத் தள்ளிப்போட்டால் நான்கு வருஷம் கழித்துப் பட்டச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் அதே பிழை வந்து நிற்கும். அப்போது திருத்துவது இதைவிடப் பெரிய வேலை.

விலாசமும் அப்படித்தான். தோட்ட அலுவலகத்துக்கு வருகிற கடிதம் லயத்துக்கு வந்து சேர நாளாகும், சில நேரம் வராமலே போகும். டவுனில் கடையோ வீடோ வைத்திருக்கிற உறவினர் ஒருவரின் விலாசத்தை, அவரிடம் கேட்டுக்கொண்டு, கொடுப்பது பாதுகாப்பு. விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாக இருக்கட்டும். கணினிக் கடைக்காரர் நிரப்பித் தந்திருந்தால் கடவுச்சொல்லை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மகாபொல, பேர்சரி என்ற உதவித்தொகைகள் இரண்டுக்கும் குடும்ப வருமானம் கேட்பார்கள். கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று, அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம், தோட்டத்துச் சம்பளச் சிட்டை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். 2025 வரவுசெலவுத் திட்டம் மகாபொலவை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. அந்தக் காசு முதல் மாதமே கைக்கு வராது. முதல் மூன்று நான்கு மாதச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வேறு வழி பார்த்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

எதைக் கொண்டுபோவது

மடிக்கணினி ஒன்று கட்டாயம் வேண்டும். 8 ஜிபி நினைவகம் குறைந்தது, 16 இருந்தால் நான்கு வருஷமும் ஓடும். திடநிலைச் சேமிப்பகம் (எஸ்எஸ்டி) உள்ளதாகவும் விண்டோஸ் ஓடுவதாகவும் பாருங்கள், ஏனென்றால் சொலிட்வேர்க்ஸ் போன்ற வரைதல் மென்பொருள்கள் விண்டோஸுக்கே எழுதப்பட்டவை. மெல்லிசான, அழகான மடிக்கணினியை விட, பழுதானால் கண்டியில் பாகம் கிடைக்கிற பாவித்த ஒன்று மேல். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம், பல்கலைக்கழக மின்னஞ்சல் கிடைத்ததும் பதிந்துகொள்ளலாம். கணிப்புக்கான மெட்லெப் மென்பொருள் இல்லாத இடத்தில் ஒக்டேவ் போதும், அதற்குக் காசே இல்லை.

நிரல்படுத்த முடியாத விஞ்ஞானக் கணிப்பான் ஒன்று வாங்க வேண்டும். எந்த மாதிரிக்குப் பரீட்சை மண்டபத்தில் அனுமதி என்று சிரேஷ்ட மாணவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வேலைத்தளத்துக்கு முழு உடுப்பும் மூடிய சப்பாத்தும் கேட்பார்கள். வரைதல் கருவிகளை, பட்டியல் தந்த பிறகு, முடித்துவிட்டுப் போகிற பட்ச்சிடம் பாதி விலைக்கு வாங்கலாம்.

ஒரு வாரத்தின் கணக்கு

இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியால உழைப்பு. விரிவுரை, ஆய்வுகூடம், சொந்தப் படிப்பு, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு செமஸ்டரில் 18 கிரெடிட் எடுத்தால் 900 மணித்தியாலம். 15 வாரம் படிப்பு, மூன்று வாரம் படிப்பு விடுமுறையும் பரீட்சையும், ஆக 18 வாரம். வாரத்துக்கு 50 மணித்தியாலம் வருகிறது. நேர அட்டவணையில் 25 முதல் 30 வரைதான் தெரியும். மிச்ச 20 சொச்சத்தை யாரும் அட்டவணையில் போட்டுத் தரமாட்டார்கள். வேலை நாளில் இரவுக்கு இரண்டரை மணித்தியாலம், சனி ஞாயிறு நாளுக்கு நாலு நாலரை என்று பிரித்தால் அது நிரம்பும். பார்க்கப் பெரிதாகத் தெரியாது, ஆனால் ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் 70 ஆகும், எழுபதை யாரும் செய்து முடிப்பதில்லை.

உயர்தரத்தில் மூன்று பாடத்தை இரண்டு வருஷத்துக்கு மேல் படித்தீர்கள். கிளாஸ் சேர் நோட் தந்தார், பேப்பர் தந்தார், கடைசி ஆறு மாதத்தில் ராப்பகலாக அடித்துப் பிடித்தவர்களும் கரையேறினார்கள். இங்கே ஆறு ஏழு பாடம் 15 வாரத்தில் ஓடி முடிகிறது. ஏழாம் எட்டாம் வாரத்தில் நடுப்பரீட்சை. "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்ல அந்தக் கடைசி இங்கே வெறும் இரண்டு வாரம்தான்.

கொழுந்து எடுக்கிற ரவுண்ட் தெரியும்தானே? ஏழு நாளைக்கொரு தடவை அந்த மலைக்குத் திரும்பி வர வேண்டும். ஒரு ரவுண்ட் தவறினால் கொழுந்து முற்றிவிடும், அடுத்த ரவுண்டில் இரண்டு மடங்கு எடுத்தும் அது தரமான கொழுந்தாகாது. பயிற்சித்தாள்களும் அந்த மாதிரி. ஒவ்வொரு பாடத்துக்கும் வாரா வாரம் தருகிற கணக்குத்தாளை, அடுத்த தாள் வருமுன் செய்துவிடுங்கள். விடை பார்க்காமல் ஒவ்வொரு கணக்கிலும் 20 நிமிஷம் தனியாக முட்டிப்பாருங்கள், பிறகு பட்ச்சில் யாரிடமாவது கேளுங்கள். தீர்த்து வைத்ததைப் பார்த்து எழுதினால் புரிந்தமாதிரி இருக்கும், வெள்ளைத்தாளை முன்னால் வைத்தால் கை ஓடாது.

பரீட்சைக்கு முன் சிரேஷ்டர்களோ பட்ச்சில் கெட்டிக்காரர்களோ எடுக்கிற குப்பி (மாணவர்களே நடத்துகிற வகுப்பு) நல்ல வழக்கம், தவறவிடாதீர்கள். ஆனால் படித்ததைக் கோர்த்துக்கொள்ளத்தான் குப்பி உதவும். 15 வாரத்தை ஒரு ராத்திரியில் குப்பியில் கற்க முடியாது.

முதல் வாரங்களில் தூக்கத்தைக் கெடுக்கிற இன்னொன்று, சிரேஷ்டர்கள் புதியவர்களைத் துன்புறுத்துகிற பகிடிவதை. 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். மாணவ ஆலோசகரிடமோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். குப்பியும் நோட்டும் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, நல்ல சிரேஷ்டர்கள் எல்லாப் பட்ச்சிலும் இருக்கிறார்கள்.

முதல் வருஷத்தில் இடறும் இடங்கள்

ஆங்கிலம் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். பேச்சு ஆங்கிலம் பிறகு வரும், முதலில் வேண்டியது சொற்கள். தமிழில் நன்றாகத் தெரிந்த விஷயத்தையே ஆங்கிலப் பேரில் கேட்கும்போது புதிது போலத் தோன்றும். உந்தம் என்றால் மொமென்டம், திருப்பம் என்றால் மொமென்ட். இரண்டும் காதுக்கு ஒன்றுபோல விழுவதால் விரிவுரையில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டு அரை மணித்தியாலம் தொலைந்துபோகிறவர்கள் உண்டு. தகைப்பு என்றால் ஸ்ட்ரெஸ், விகாரம் என்றால் ஸ்ட்ரெயின், வகையிடல் டிஃபரென்ஷியேஷன், தொகையிடல் இன்டெக்ரேஷன். பெறுபேறு வந்து பீடம் தொடங்கும் வரை பல மாத இடைவெளி இருக்கும். அந்தக் காலத்தில் உங்கள் பௌதிகவியல், கணிதப் புத்தகங்களை எடுத்து, கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். நாளைக்குப் பத்து என்றால் ஒரு மாதத்தில் முந்நூறு. அதே உயர்தர வினாத்தாளின் ஆங்கிலப் பிரதியை எடுத்து வாசிப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்தது கணிப்பான். உயர்தரப் பரீட்சையில் கணிப்பான் தொட்டதில்லை, மடக்கை அட்டவணைதான். இங்கே முதல் நடுப்பரீட்சையிலேயே பலரை அது காலை வாருகிறது. பாகையில் இருக்க வேண்டியது ஆரையனில் இருந்தால் சைன் 30-க்கு 0.5 வராது, −0.988 வரும். பரீட்சைக்கு உட்கார்ந்ததும் சைன் 30 அடித்துப் பார்ப்பதை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். இடைநடுவே வருகிற விடைகளை இரண்டு தசமத்துக்குச் சுருக்கி எழுதி, அதையே திரும்ப அடிக்காதீர்கள், கடைசி விடை விலகும். கணிப்பானின் நினைவகத்தில் போட்டு எடுங்கள்.

பொறியியல் வரைதலில் விழுகிற பிழை அநேகமாக ஒன்றுதான். முதற்கோண எறியத்தில் மேற்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், மூன்றாம் கோணத்தில் மேலே வரும். கேள்வியில் எது என்று பார்க்காமல் தொடங்கினால் இரண்டு மணித்தியால வேலையும் பிழை. துணைக்கோடுகளை 2எச் பென்சிலால் மெல்லிசாகவும், உருவக் கோடுகளை எச்பி-யால் அழுத்தியும் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பென்சிலால் போட்டால் தாள் அழுக்காவதோடு எது விளிம்பு, எது துணைக்கோடு என்று திருத்துகிறவருக்கே தெரியாமல் போகும்.

நிரலாக்கம் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைக் கொழும்புப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கிற இடம். அவர்களில் பலர் பத்தாம் வகுப்பிலேயே தொட்டிருப்பார்கள். இது கெட்டித்தனத்தின் வித்தியாசமல்ல, கணினி முன் உட்கார்ந்த மணித்தியாலத்தின் வித்தியாசம். அதனால்தான் இதைச் சரிக்கட்டவும் முடியும். பீடம் தொடங்குமுன் நாளைக்கு ஒரு மணித்தியாலம், ஒரு மாதம், பைத்தன் என்ற நிரல்மொழியில் மாறி, நிபந்தனை, திரும்பச் செய்தல், பட்டியல், சார்பு என்ற ஐந்தையும் கையால் தட்டச்சு செய்து ஓட்டிப் பழகுங்கள். மடிக்கணினி இல்லாவிட்டால் கைத்தொலைபேசியிலும் ஓட்டலாம். காணொளி பார்த்தால் மட்டும் ஒட்டாது. பிழைச்செய்தி வந்து, அதைத் தேடித் திருத்துகிறபோதுதான் பாடம் ஏறும்.

ஆய்வுகூட அறிக்கைகள் சின்ன வேலை போலத் தெரிந்து வார இறுதியையே தின்றுவிடும். போகுமுன் செய்முறைத்தாளை வாசித்து, அளவு எழுதும் அட்டவணையைக் கோடு போட்டுக்கொண்டு போங்கள். வரைபடத்தின் இரண்டு அச்சுக்கும் பெயரும் அலகும் போடுங்கள். அன்று இரவே கணித்துவிட்டால் இரண்டு மணித்தியாலம், ஆறு நாள் கழித்தால் என்ன அளந்தோம் என்று நினைவுபடுத்தவே ஒரு மணித்தியாலம். போன பட்ச்சின் அறிக்கையைப் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வது எளிது, உங்கள் அளவுகள் ஒன்றாகவும் முடிவுரை வேறொன்றாகவும் இருக்கும். ஆய்வுகூடத்துக்கும் விரிவுரைக்கும் 80 சதவீத வரவு கேட்பது பொதுவான நடைமுறை. அதற்குக் குறைந்தால் பரீட்சை எழுத விடாமல் நிறுத்தலாம்.

ஜி.பி.ஏ. எப்படி ஓடுகிறது

ஜி.பி.ஏ. என்பது தரப்புள்ளிச் சராசரி: ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பது. ஏ என்றால் 4.0, பி 3.0, சி 2.0. பெரும்பாலான இடங்களில் முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00 வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பட்டம் 130 கிரெடிட் என்றும், முதல் வருஷ 30 கிரெடிட்டில் 2.60 எடுத்தீர்கள் என்றும் வையுங்கள். எல்லா வருஷத்துக்கும் ஒரே எடை என்றால், மொத்தத்தில் 3.30 வருவதற்கு மிச்ச 100 கிரெடிட்டில் 3.51 சராசரி வேண்டும். முடியாததல்ல, ஆனால் மூன்று வருஷமும் ஏ-மைனஸும் பி-பிளஸுமாகத் தள்ள வேண்டும். முதல் வருஷத்தில் 3.00 எடுத்திருந்தால் 3.39 போதும். சில பீடங்களில் முதல் வருஷத்துக்கு எடை வேறு, ஆகவே உங்கள் பீடத்துப் பரீட்சை விதிகளை முதல் மாதமே வாசித்துவிடுங்கள். தவறிய பாடத்தைத் திரும்ப எழுதும்போது எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி-க்கு மேல் தராத விதியும் அதில்தான் இருக்கும். வருத்தம் காரணமாகப் பரீட்சைக்குப் போக முடியாவிட்டால் மருத்துவச் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். விடுதியில் காய்ச்சலோடு படுத்திருந்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள்.

துறை பிரியும் நேரம்

பேராதனை போன்ற பீடங்களில் முதல் வருஷம் எல்லோருக்கும் பொது, அதன் பெறுபேற்றை வைத்தே துறை பிரிக்கிறார்கள். கணினிப் பொறியியலுக்கும் மின்னியலுக்கும் போட்டி அதிகம். கூட்டத்தைப் பார்த்து ஓடுவதை விட, நீங்கள் வளர்ந்த இடத்திலேயே ஒவ்வொரு துறையும் என்ன செய்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

மின்னியல் என்றால் மலையகத்துக்கு வெளியே தேட வேண்டாம். லக்ஷபானையில் நீர்மின் எடுக்கலாம் என்று 1918-இலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அங்கிருந்து மின்சாரம் 1950-இல்தான் வந்தது. நோர்ட்டன்பிரிட்ஜில் உள்ள 50 மெகாவாட் மின்நிலையம் அவர் பெயரில் இருக்கிறது. தலவாக்கலையில் அணை கட்டிய மேல் கொத்மலை மின்நிலையம் 2012-இல் 150 மெகாவாட்டோடு வந்தது. மின்னியல் படித்தவருக்கு மின்சாரத் துறை, தொலைத்தொடர்பு, சிறு நீர்மின், கூரைச் சூரியமின் நிறுவனங்கள், தொழிற்சாலைப் பராமரிப்பு என்று கதவுகள் பல. மின்சார சபையையே பல நிறுவனங்களாகப் பிரிக்கும் சட்டம் 2024-இல் வந்தது. "சபையில் வேலை, சாகும்வரை பென்ஷன்" என்ற பழைய கணக்கை மட்டும் நம்பித் துறை எடுக்காதீர்கள்.

இயந்திரவியலைப் புரிந்துகொள்ளத் தேயிலைத் தொழிற்சாலை போதும். நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரை வாட்டும் தொட்டியில் விசிறிக் காற்றாலும், பிறகு ட்ரையரில் 90, 100 பாகைச் சூட்டாலும் எடுத்து ஈரத்தை 3 சதவீதம் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். எவ்வளவு விறகு, எவ்வளவு மின்சாரம், எங்கே வெப்பம் வீணாகிறது என்று கேட்டால் அதுதான் வெப்பவியக்கவியல் பாடம். வேலை ஆடை, ரப்பர், உணவு, சீமெந்துத் தொழிற்சாலைகளில் கிடைக்கும். வளைகுடாவில் கட்டடக் குளிரூட்டல் வேலைக்கும் இந்தத் துறையினரைத்தான் எடுக்கிறார்கள்.

குடிசாரியலுக்கு வீதி, நீர்வழங்கல், நீர்ப்பாசனம், கட்டட ஆராய்ச்சி ஆகிய அரச நிறுவனங்களும், ஒப்பந்தகாரரும் ஆலோசனை நிறுவனங்களும் இருக்கின்றன. இந்தத் துறை நாட்டுப் பொருளாதாரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். 2022 நெருக்கடியில் கட்டட வேலைகள் நின்றபோது முதலில் அடிபட்டது இவர்கள்தான், பலர் கடல் கடந்தார்கள். ஆனாலும் மலையகத்துக்கு இந்தத் துறையின் தேவை தீரப்போவதில்லை. 2014 ஒக்டோபர் 29-இல் மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு சரிந்த மலைகளையும் பார்த்தோம். சரிவு எப்போது அசையும், மழைநீரை எந்தப் பக்கம் வெட்டிவிடுவது, லயத்தை எங்கே மாற்றிக் கட்டுவது என்பதெல்லாம் மண்பொறியியலின் கேள்விகள். களிமண் எப்படி விட்டுக்கொடுக்கிறது என்று 1963-இல் கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடு சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மூன்றாவது பெயர் துரைராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அழகையா துரைராஜாதான் அவர். உலகம் முழுக்க மண்பொறியியல் மாணவர் அதை இன்றும் படிக்கிறார்கள்.

கணினிப் பொறியியலில் வேலை பெரும்பாலும் கொழும்பில், ஒரு பங்கு வீட்டிலிருந்தே. பட்டத்தைவிட நீங்கள் எழுதிக் காட்டுகிற நிரலைத்தான் நேர்முகத்தில் பார்ப்பார்கள். இரசாயனப் பொறியியல் சின்ன வட்டம்: ரப்பர், வர்ணம், நீர் சுத்திகரிப்பு, எண்ணெய் சுத்திகரிப்பு. படிக்கிறவர்களும் குறைவு.

பயிற்சிக் காலம்

தொழிற்பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதி, பல பீடங்களில் மொத்தம் ஆறு மாதம் வரை வரும். முதல் வேலை அநேகமாக இங்கேதான் முடிவாகிறது. ஆகவே இடம் ஒதுக்கும் பட்டியலுக்காகக் கடைசிவரை காத்திருக்காதீர்கள். தொடங்க நாலு மாதம் முன்னரே ஒரு பக்கத் தன்விவரத்தைத் தயாரித்து, பயிற்சிப் பிரிவில் எந்த நிறுவனம் எத்தனை பேர் எடுக்கிறது என்று கேளுங்கள். கொழும்பில் போடிங் வாடகை பயிற்சிப் படியைத் தின்றுவிடும் என்றால், மின்நிலையமோ பெரிய தேயிலைத் தொழிற்சாலையோ வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேற்பார்வைக்குப் பட்டயப் பொறியியலாளர் (சார்ட்டர்ட் இஞ்சினியர்) ஒருவர் இருக்கிற இடமாக இருப்பது முக்கியம்.

நாட்குறிப்பை அன்றன்றே எழுதுங்கள். ஆறு மாதத்தைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதினால் எல்லா நாளும் ஒரே நாள் மாதிரி இருக்கும், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். "மோட்டரைப் பார்த்தேன்" என்று எழுதாமல் எத்தனை கிலோவாட், ஏன் பழுதானது, யார் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்.

வேலைத்தளத்தில் மலையகப் பிள்ளைக்கு ஒரு அனுகூலம் உண்டு. மேசனும் வெல்டரும் ஓவர்சியரும் பேசுகிற சிங்களமும் தமிழும் உங்களுக்கு ஓடும். எழுத்துச் சிங்களத்தையும் அந்தக் காலத்தில் பிடித்துக்கொண்டால், அரச சேவையில் சேர்ந்தபின் கேட்கிற இரண்டாம் மொழித் தேர்ச்சிக்கு வேறாக அலைய வேண்டாம்.

பட்டத்துக்குப் பிறகு

2017-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியலாளராகத் தொழில் செய்ய இலங்கைப் பொறியியல் பேரவையில் பதிய வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தில் இணை அங்கத்துவமும் எடுங்கள். சில வருஷ அனுபவத்துக்குப் பிறகு தொழில்சார் மீளாய்வில் தேறினால் பட்டயப் பொறியியலாளர். பலர் இதைப் பத்து வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு, செய்த வேலைக்கு ஆதாரம் இல்லாமல் தேடுகிறார்கள். முதல் நாளிலிருந்தே வரைபடம், கணிப்பு, கடிதப் பிரதிகளை அனுமதி பெற்றுச் சேர்த்து வையுங்கள்.

பொறியியலாளர் நிறுவகம் 2014-இல், பொறியியல் பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவம் பெற்றது. அங்கீகாரம் உள்ள நான்கு வருஷப் பட்டம் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளில் ஒப்பான தகைமையாக எடுத்துக்கொள்ளப்படுவது அதனால்தான். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு அல்ல, பட்டத்துக்கும் துறைக்கும் குறித்த காலத்துக்கும் வழங்கப்படுகிறது. தனியார் நிறுவனத்தில் சேருமுன் அந்தத் துறையின் பேர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கட்டுங்கள். அரச பக்கத்தில் இலங்கைப் பொறியியல் சேவைக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள்.

முதல் சம்பளம் ஊர் நினைக்கிற அளவுக்கு இருக்காது. தளப் பொறியியலாளருக்குக் காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கும், சனிக்கிழமையும் உண்டு. "இஞ்சினியருக்கு இவ்வளவுதானா" என்று வீட்டில் கேட்பார்கள். கடன் வாங்கிப் படித்த குடும்பம் என்றால் அந்த முதல் இரண்டு வருஷத்தை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றால்

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் தருகிற தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா, உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் உயர் தேசியப் பொறியியல் டிப்ளோமா இரண்டும் பல வருஷமாக மதிப்புள்ளவை. தொழிற்சாலைகள் இவர்களைத் தேடி எடுக்கின்றன. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பொறியியல் பட்டம் படிக்கலாம். கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது, ஆய்வுகூடத்துக்கு நாவலைக்குப் போக வேண்டிவரும். நான்கு வருஷத்தில் முடிப்பவர்கள் குறைவு, ஆனால் சம்பளத்தோடு படிக்கலாம். அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு, தெரிவுசெய்யப்பட்ட தனியார் நிறுவனங்களில் படிக்க வட்டியில்லாக் கடன் திட்டமும் உண்டு.

தொழில்நுட்பப் பிரிவில் உயர்தரம் எழுதியவர்களுக்குக் கிடைக்கிற பொறியியல் தொழில்நுட்பமாணி வேறு பட்டம். பேர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் வீட்டில் குழப்பிக்கொள்வார்கள். அதை முடித்தவர் பொறியியல் தொழில்நுட்பவியலாளர், பேரவையில் பதிவும் வேறு வகுதியில். பொறியியலாளர் பதவிக்கான விளம்பரத்தில் விஞ்ஞானமாணி என்று இருந்தால் அது செல்லாது. பதினோராம் வகுப்பு முடிந்து பிரிவு தெரியும்போதே இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துப் பாடசாலையில் கணிதப் பிரிவு இல்லை என்பதற்காகத் தொழில்நுட்பத்துக்குப் போகுமுன், ஹட்டன், பதுளை, கண்டிப் பாடசாலைகளில் தரம் 12-க்கு இடம் கேட்டுப் பாருங்கள். பெறுபேறு வந்த கையோடு, அதிபரின் கடிதத்தோடு போக வேண்டும்.